வடதுருவ ஒளி பார்க்கக் குடும்பத்தோடு எந்த மாதம் போகலாம்?

நார்வேயின் வடபகுதியில் டிரோம்சோ என்று ஓர் ஊர். ஜூன் மாதம் அங்கே போனால் நள்ளிரவு 12 மணிக்கும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மே 20 வாக்கில் தொடங்கி ஜூலை 22 வரைக்கும் சூரியன் மறைவதே கிடையாது. அந்த இரண்டு மாதமும் வடதுருவ ஒளி (அரோரா என்பார்கள், வடக்கே இரவு வானத்தில் பச்சையும் சிவப்புமாக ஆடும் வெளிச்சம்) வானத்தில் வழக்கம்போல வந்து போய்க்கொண்டுதான் இருக்கும். வெளிச்சத்தில் நம் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். பகலில் நட்சத்திரங்கள் தெரியாததும் இதே காரணத்தால்தான்.

"எந்த மாதம் போனால் அரோரா தெரியும்?" என்று கேட்பவர்கள் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். ஒளிக்கென்று தனியாக சீசன் கிடையாது, இருட்டுக்குத்தான் சீசன். அதற்கு மேல் மேகம், குளிர், நிலவு, பிள்ளைகள் தூங்கும் நேரம் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துகொள்ளும். கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒற்றை ஆளாகக் கிளம்புகிறவருக்கு ஏற்ற மாதம், ஐந்து வயதுப் பிள்ளையையும் வயதான பெற்றோரையும் கூட்டிக்கொண்டு போகிறவருக்கு ஏற்றதாக இருக்காது. பயண விளம்பரங்கள் பெரும்பாலும் அந்த ஒற்றை ஆளை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன.

முதலில் அந்த ஒளி எப்படி வருகிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். சூரியனிலிருந்து மின்னூட்டம் கொண்ட துகள்கள் இடைவிடாமல் வீசிக்கொண்டே இருக்கின்றன. இதைச் சூரியக் காற்று என்கிறார்கள். நொடிக்கு 400 கிலோமீட்டர் வேகம் என்பது அதற்குச் சாதாரணம். பூமியின் காந்தப்புலம் அதைத் தடுத்து நிறுத்தப் பார்க்கும். அந்த மல்லுக்கட்டில் பூமிக்குப் பின்னால், அதாவது இரவுப் பக்கம், காந்தப்புலம் நீண்ட வால்போல இழுபடுகிறது. அந்த வாலில் சேர்ந்த ஆற்றல் அவ்வப்போது பட்டென்று விடுபடும்போது எலக்ட்ரான்கள் காந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு கீழே பாய்ந்து, மேல் வளிமண்டலத்தில் இருக்கும் ஆக்ஸிஜன், நைட்ரஜன் மீது மோதுகின்றன. மோதியதும் அவை ஒளிர்கின்றன. தரையிலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேலே ஆக்ஸிஜன் தருவது பச்சை. 200 கிலோமீட்டரைத் தாண்டினால் அதே ஆக்ஸிஜன் சிவப்பைத் தரும். கீழ் விளிம்பில் சில சமயம் தெரியும் இளஞ்சிவப்பும் ஊதாவும் நைட்ரஜனின் வேலை.

இந்த ஒளி துருவத்தின் உச்சியில் வருவதில்லை. காந்தத் துருவத்தைச் சுற்றி ஒரு வளையம்போல அமைகிறது. அந்த வளையத்துக்கு நேர் கீழேயோ மிக அருகிலோ இருக்கும் ஊர்கள்தான் நமக்கு வேண்டும். நார்வேயில் டிரோம்சோ, சுவீடனில் அபிஸ்கோ, பின்லாந்தின் வடபகுதியான லாப்லாந்து, ஐஸ்லாந்து முழுவதும், கனடாவில் யெல்லோநைஃப், அலாஸ்காவில் ஃபேர்பேங்க்ஸ். இன்னும் வடக்கே போனால் இன்னும் நன்றாகத் தெரியும் என்று நினைத்து வடதுருவத்துக்கே போனால், வளையத்தைத் தாண்டி உள்ளே போய்விடுவோம்.

சரி, இனி மாதங்களுக்கு வரலாம்.

பொதுவாக ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை என்று சொல்வார்கள். ஃபேர்பேங்க்ஸில் ஆகஸ்ட் 21 முதல் ஏப்ரல் 21 வரை என்று தேதி போட்டே சொல்கிறார்கள். எட்டு மாதம்! ஆனால் இந்த எட்டு மாதத்துக்குள் மூன்று வேறுவேறு பயணங்கள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது இலையுதிர் காலம்: செப்டம்பரும் அக்டோபர் தொடக்கமும். குளிர் கடுமையாக இருக்காது. ஸ்வெட்டர், மேலே ஒரு நல்ல ஜாக்கெட், குல்லாய் இருந்தால் சமாளித்துவிடலாம். லாப்லாந்தில் காடு முழுக்க மஞ்சளும் சிவப்புமாக மாறும் இந்தப் பருவத்துக்கு பின்லாந்துக்காரர்கள் 'ருஸ்கா' என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். ஏரிகள் இன்னும் உறையாததால் வானத்தில் ஆடும் ஒளி தண்ணீரிலும் ஆடும். உறைபனிச் சாலையில் வண்டி ஓட்டிப் பழக்கமில்லாதவர்கள் தைரியமாக வாடகைக் காரை எடுக்கக்கூடியதும் இப்போதுதான். தரையில் பனி இருக்காது என்பதுதான் ஒரே குறை. நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டி, பனிமனிதன் என்றெல்லாம் கனவு கண்டு வந்த பிள்ளை ஏமாந்துபோகும்.

இரண்டாவது நடுக்குளிர்காலம்: நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை. இருட்டு ஏராளம். டிரோம்சோவில் நவம்பர் கடைசி முதல் ஜனவரி பாதி வரை சூரியன் தொடுவானத்துக்கு மேலே தலைகாட்டுவதே இல்லை. நண்பகலில் சில மணி நேரம் நீலமாய் ஓர் அந்தி வெளிச்சம் மட்டும் இருக்கும். ஆர்க்டிக் வட்டத்தின் மேலேயே இருக்கும் பின்லாந்தின் ரோவனியேமியில் டிசம்பர் 21 அன்று பகல் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக்கில் நாலு மணி நேரம். அந்த நீல வெளிச்சம் மிக அழகு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நாலாவது நாள் காலை பத்து மணிக்கும் இருட்டாகவே இருக்கும்போது, வீட்டுப் பெரியவர்களுக்கு மனம் சோர்ந்துவிடும். பிள்ளைகளின் தூக்கமும் தாறுமாறாகும். கிறிஸ்துமஸை ஒட்டிய வாரங்களில் விலையும் கூட்டமும் உச்சத்தில் இருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

மூன்றாவது பிப்ரவரியும் மார்ச்சும். என்னைக் கேட்டால் பனியும் வேண்டும், ஒளியும் வேண்டும் என்கிற குடும்பத்துக்கு இதுதான். தரையில் பனி கெட்டியாகக் கிடக்கும். மார்ச் 20 வாக்கில் உலகம் முழுக்கவே பகலும் இரவும் ஏறக்குறைய சமம் என்பதால், பகலில் வெயிலில் விளையாடப் பன்னிரண்டு மணி நேரம், இரவில் காத்திருக்கவும் போதுமான இருட்டு. லாப்லாந்தில் இலையுதிர் காலத்தைவிட இப்போது வானம் தெளிவாக இருக்கும் இரவுகள் அதிகம்.

செப்டம்பரையும் மார்ச்சையும் தூக்கிப் பேசுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சம இரவு நாட்களை ஒட்டிய வாரங்களில் புவிக்காந்தக் கொந்தளிப்பு சராசரியாகக் கொஞ்சம் கூடுகிறது. ரஸ்ஸல், மெக்ஃபெரான் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1973இல் இதற்கு விளக்கம் கொடுத்தார்கள். அந்த நாட்களில் பூமியின் காந்தப்புலம் சூரியக் காற்று கொண்டுவரும் காந்தப்புலத்தைச் சந்திக்கும் கோணம், இரண்டும் எளிதாகப் பிணைந்துகொள்ளத் தோதாக அமைகிறது. தாழ்ப்பாள் சற்றுத் தளர்ந்த கதவுபோல, அதே காற்றுக்குக் கூடுதலாகத் திறந்துகொடுக்கிறது. இது சராசரிக் கணக்கு என்பதை மறந்துவிடக் கூடாது. மார்ச் மாதத்திலும் ஒன்றுமே நடக்காத இரவுகள் உண்டு.

எத்தனை மணிக்கு இருட்டும்?

குடும்பமாகப் போகிறவர்கள் மாதத்தைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது கடிகாரத்தை. ஏனோ இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை.

டிரோம்சோவையே எடுத்துக்கொள்வோம். டிசம்பரில் மாலை 4 மணிக்கே நல்ல இருட்டு. பிப்ரவரி 20 வாக்கில் 6 மணி ஆகும். மார்ச் 20இல் ஏழரை, எட்டு. அப்புறம் மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஐரோப்பா முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள். அந்த ஒரே நாளில் இருட்டும் நேரம் ஒன்பதைத் தாண்டிவிடும். ஏப்ரல் முதல் வாரத்தில் இரவு 10 மணி வரை வானம் வெளுத்தே கிடக்கும். எட்டு மணிக்குத் தூங்கிவிடும் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு மார்ச் 15க்கும் ஏப்ரல் 5க்கும் உள்ள வித்தியாசம் மூன்று வாரம் அல்ல. ஒன்று நடக்கிற காரியம், இன்னொன்று நடக்காத காரியம். செப்டம்பரிலும் இதே சிக்கல் தலைகீழாக வரும். மாதக் கடைசியில் ஒன்பது மணி வாக்கில்தான் முழு இருட்டு. அக்டோபர் பத்தாம் தேதிக்குள் அது ஏழரைக்கு இறங்கிவிடும்.

ஊருக்கு ஊரும் இது மாறும். ஐஸ்லாந்து கோடைக்கால நேரமாற்றம் செய்வதில்லை. ஆனால் அது மேற்கே தள்ளி இருந்துகொண்டு லண்டனின் குளிர்கால நேரத்தை வைத்திருப்பதால் அங்கே நண்பகலே ஒன்றரை மணிக்குத்தான். இருட்டும் அதற்கேற்பத் தாமதம். அலாஸ்காவில் இன்னும் மோசம். ஃபேர்பேங்க்ஸில் மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை முன்னால் தள்ளிவைத்த பிறகு சூரியன் உச்சிக்கு வருவதே கடிகாரத்தில் இரண்டு மணி வாக்கில். அங்கே ஒளியின் உச்சக்கட்டமும் பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகுதான். நார்வே, சுவீடன் இருக்கும் ஸ்காண்டிநேவியாவிலோ மாலை 6, 7 மணிக்கே ஒளி எழுந்து, பத்து பதினொரு மணிக்குள் நன்றாக ஆடிவிட்டு அடங்கிப்போவது சாதாரணம். ஃபேர்பேங்க்ஸ் அருமையான இடம்தான், வானமும் தெளிவு. ஆனால் பத்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால் நான் ஸ்காண்டிநேவியாவைத்தான் சொல்வேன்.

மேகமும் குளிரும்

வானத்தில் ஒளி எவ்வளவு ஆடினாலும், மேலே மேகம் கவிந்திருந்தால் ஒன்றும் தெரியாது. ஒளி 100 கிலோமீட்டர் உயரத்தில், மேகம் பத்து கிலோமீட்டருக்குள். ஏமாந்து திரும்புகிறவர்களில் பெரும்பாலோரை ஏமாற்றியது சூரியன் அல்ல, மேகம்.

கடலோர ஊர்களில் குளிர் குறைவு, மேகம் அதிகம். உள்நாட்டில் மேகம் குறைவு, குளிர் அதிகம். குறைந்த குளிரையும் குறைந்த மேகத்தையும் ஒன்றாகத் தரும் ஊர் அரிது. டிரோம்சோ 69 பாகை வடக்கே இருந்தும், அட்லாண்டிக்கின் வெப்ப நீரோட்டத்தால் ஜனவரி சராசரி மைனஸ் 4 செல்சியஸ் அளவில் நிற்கிறது. யெல்லோநைஃபில் அதே ஜனவரி சராசரி மைனஸ் 25ஐ ஒட்டி இருக்கும். சில இரவுகள் மைனஸ் 40 வரைகூடப் போகும். அதற்குக் கைம்மாறாகத் தெளிந்த வானம் கிடைக்கும். (யெல்லோநைஃப் போவதாக இருந்தால் அக்டோபரையும் நவம்பர் முதல் பாதியையும் தவிர்த்துவிடுங்கள். சுற்றியுள்ள ஏரிகள் உறைந்து முடியும்வரை அவற்றின் ஈரம் மேகமாகவும் மூடுபனியாகவும் எழுந்துகொண்டே இருக்கும்.) இரண்டுக்கும் நடுவே அபிஸ்கோ ஒரு விதிவிலக்கு. மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்றை மலைகள் தடுத்துவிடுவதால், அந்த ஏரிக்கரை ஊரின் மேலே மட்டும் அடிக்கடி வானம் திறந்து கிடக்கும். சுவீடனிலேயே மழை மிகக் குறைவான இடங்களில் அது ஒன்று.

டிரோம்சோவில் மேகம் சூழ்ந்தால் சுற்றுலா வண்டிகள் தெளிந்த வானத்தைத் தேடி உள்நாட்டுக்குள் ஓடும், சில நாள் பின்லாந்து எல்லையைத் தாண்டியும். பெரியவர்களுக்கு அது வேடிக்கை. மாலையில் ஏறி அதிகாலை இரண்டு மணிக்கு இறங்கும் வண்டியில் நாலு வயதுப் பிள்ளையோடு உட்கார்ந்திருப்பது வேடிக்கை அல்ல. சிறு பிள்ளைகள் இருந்தால் ஊரின் விளக்குகளை விட்டு விலகிய, கதவைத் திறந்தால் வானம் தெரிகிற ஒரு மரவீட்டில் தங்குவது மேல். ஒளி தெரியும்போது அறைக்கு போன் செய்து எழுப்பும் விடுதிகளும் இருக்கின்றன. முன்பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளலாம். கண்ணாடிக் கூரை அறைகள் வசதிதான், விலைதான் கண்ணைக் கட்டும். எத்தனை இரவு அங்கே தங்க முடியும் என்று பார்த்து, அதே பணத்தில் சாதாரண அறையில் எத்தனை இரவு தங்கலாம் என்றும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஏனென்றால் இரவுகளின் எண்ணிக்கைதான் உங்கள் கையில் இருக்கும் பெரிய ஆயுதம். ஒரு பேச்சுக்கு, ஓர் இரவு வானம் தெளிவாக இருப்பது பூவா தலையா போடுவதுபோல என்று வைத்துக்கொள்வோம். ஒரே இரவு தங்கினால் பாதி வாய்ப்பு. மூன்று இரவு என்றால் எட்டுக்கு ஏழு. ஐந்து இரவில் முப்பத்திரண்டுக்கு முப்பத்தொன்று. நிஜத்தில் கணக்கு இவ்வளவு தாராளமாக இருக்காது. மேகம் ஒருமுறை வந்து உட்கார்ந்தால் இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் நகராது. அதனால் நாலு, ஐந்து இரவு என்பதைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்வது நல்லது. இரண்டு இரவுத் திட்டத்தை நம்பிப் பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

குளிரைப் பற்றி ஒன்று. மைனஸ் 15இல் ஓடியாடும் பிள்ளைக்குக் குளிராது. அதே மைனஸ் 15இல் வானத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கும் பிள்ளைக்குக் கால் மணி நேரத்தில் விரல் வலிக்கும். பகலில் போட்ட உடுப்பு இரவுக்குப் போதவே போதாது. கைக்குழந்தையைத் தோளில் கட்டிக்கொண்டு நடப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நமக்கு நடையில் உடம்பு சூடாகும், குழந்தைக்கு ஆகாது.

சூரியச் சுழற்சி, நிலவு, கேபி எண்

சூரியனின் கொந்தளிப்பு ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கும். இப்போதைய சுழற்சி டிசம்பர் 2019இல் தொடங்கியது. அது உச்சக் கட்டத்தை எட்டிவிட்டதாக நாசா 2024 அக்டோபரில் அறிவித்தது. அதே ஆண்டு மே 10 இரவு வீசிய சூரியப் புயலில் அமெரிக்காவின் தெற்கே ஃபுளோரிடாவரை வானம் சிவந்தது. இதைக் கேட்டதும் "உச்சம் போய்விட்டதே, இனி அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டுமா?" என்று பலரும் பதறுகிறார்கள். தேவையில்லை. உச்சம் முடிந்த பிறகும் சில ஆண்டுகள் நல்ல ஆட்டம் இருக்கும். வளையத்துக்கு நேர் கீழே இருக்கும் ஊர்களில் சூரியன் அமைதியான ஆண்டுகளிலும் ஒளி வரத்தான் செய்கிறது. பதினொரு ஆண்டு காத்திருந்தால் பிள்ளைகள் வளர்ந்து, உங்களோடு வர மறுக்கும் வயதுக்குப் போய்விடுவார்கள்.

நிலவு அவ்வளவு பெரிய விஷயமில்லை. முழுநிலவு மங்கலான ஒளியை விழுங்கும், பலமானதை ஒன்றும் செய்யாது. சொல்லப்போனால் பனியில் நிலவொளி பட்டால் பிள்ளைகளுக்கு இருட்டுப் பயம் குறையும்.

கேபி எண் என்று 0 முதல் 9 வரை ஓர் அளவு இருக்கிறது, புவிக்காந்தக் கொந்தளிப்பைச் சொல்வது. செயலியில் 2 என்று காட்டியதும் அறைக்குள்ளேயே முடங்கிவிடுகிறவர்கள் உண்டு. தெற்கே இருக்கும் ஊர்களுக்குத்தான் 6, 7 வேண்டும். டிரோம்சோவுக்கும் அபிஸ்கோவுக்கும் 2, 3 போதும். சூரியனிலிருந்து கிளம்பும் பெரிய வெடிப்பு இங்கே வந்து சேர ஒன்று முதல் மூன்று நாள் ஆகும் என்பதால், மூன்று நாளுக்கு மேற்பட்ட முன்னறிவிப்பை வைத்து விமான டிக்கெட் எடுப்பது வீண். அங்கே போன பிறகு கேபி எண்ணைப் பார்ப்பதைவிட மேக வரைபடத்தைப் பார்ப்பதே பயன்படும்.

விடுமுறை நம் இஷ்டப்படி அமையாவிட்டால்?

பலருக்குத் தேர்வு செய்ய மாதமே இருக்காது, பள்ளி எப்போது விடுகிறதோ அப்போதுதான். ஜூன், ஜூலை மட்டும்தான் முடியும் என்றால் வடக்கே போக வேண்டாம். அந்த மாதங்களில் தெற்கு அரைக்கோளத்தில் இரவு நீளம் என்பதால் டாஸ்மேனியாவையும் நியூசிலாந்தின் தென்கோடியையும் சொல்வார்கள். அங்கே தெரிவது தென்துருவ ஒளி. ஆனால் வளையத்திலிருந்து தள்ளி இருப்பதால் பலமான புயல் வந்தால் மட்டுமே, அதுவும் தொடுவானத்தை ஒட்டித் தெரியும். அதை நம்பிப் பயணம் போட முடியாது. ஈஸ்டர் விடுமுறை என்றால் அந்த ஆண்டுத் தேதியைப் பாருங்கள். ஈஸ்டர் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையே எங்கேயும் விழலாம். மார்ச்சில் விழுந்தால் கிளம்பலாம், ஏப்ரல் நடுவில் விழுந்தால் விட்டுவிடலாம். டிசம்பர் விடுமுறை என்றால் பகல் இருக்காது என்று தெரிந்தே போக வேண்டும். அதில் ஒரு லாபமும் உண்டு: மாலை ஐந்து மணிக்கே பிள்ளைகள் விழித்திருக்கும்போது ஒளி தெரியக்கூடிய ஒரே காலம் அதுதான்.

இன்னொன்றையும் கிளம்பும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவைக்க வேண்டும். படங்களில் பார்க்கும் அந்தப் பளீர் பச்சை, கேமரா சில நொடிகள் திறந்து வைத்துச் சேர்த்த வெளிச்சம். மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் பிரித்துப் பார்க்கும் திறன் குறைவு. அதனால் சுமாரான இரவில் அது வெளுத்த மேகக் கீற்றுபோலத்தான் தெரியும். "இது மேகம்தானே?" என்று பிள்ளை கேட்டால் போனின் இரவுப் பயன்முறையில் ஒரு படம் எடுத்துக் காட்டுங்கள், பச்சை வந்துவிடும். பலமான இரவு வாய்த்தால் போனே தேவைப்படாது. திரைச்சீலை காற்றில் அசைவதுபோல வானத்தின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குப் பச்சை ஓடும். பின்லாந்தில் இதற்கு 'ரெவோன்டுலெட்' என்று பெயர், நரித் தீ என்று பொருள். பனியில் ஓடும் நரி வாலால் பனியை வானத்துக்கு வாரி வீசுவதால் வரும் பொறிகள் என்பது அவர்கள் கதை. காந்தப்புலத்தைவிட இந்த நரி பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும்.

அங்கே போய்ச் சேர்ந்ததும் இப்படிச் செய்து பாருங்கள். இரவு சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகளைத் தெர்மல் உள்ளாடையும் கம்பளி சாக்ஸும் போட்டபடியே தூங்கவிடுங்கள். மேலே போடும் உடுப்பு, பூட்ஸ், கையுறை எல்லாம் கதவருகே வரிசையாக இருக்கட்டும், போன் உங்கள் சட்டைக்குள் கதகதப்பாக இருக்கட்டும் (குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும்). பெரியவர்கள் முறைவைத்து அரை மணிக்கு ஒருமுறை வெளியே எட்டிப் பார்த்தால் போதும். ஒளி எழுந்துவிட்டால் மூன்று நிமிடத்தில் எல்லோரும் வெளியே நிற்கலாம். சில இரவுகளில் ஆட்டமே பத்து நிமிடம்தான், பூட்ஸின் ஒரு கால் காணவில்லை என்று தேடிக்கொண்டிருக்க நேரமிருக்காது.